பாலைவனத்துக்கு ஒரு முழு ஒத்திகை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நடுவில் கிடக்கும் பாலைவனத்தை ஊடறுத்து, ஒரு கணவனும் மனைவியும் தங்கள் சொந்தக் காரில் பயணம் செய்யவிருக்கிறார்கள். வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னறையில், மின்விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியின் வாயை அடைத்து, எழுந்து நின்று வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கணவர். கேட்டவர்கள் இருவர். ஒருவர், பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி. இன்னொருவன், ஏணி இரவல் வாங்க வந்து மாட்டிக்கொண்ட மனைவியின் தம்பி.

"முடிஞ்சுதா மாமா? ஃபேனைப் போடலாமா?" என்றான் தம்பி.

"இன்னும் முன்னுரையே முடியலை மாப்ளே."

"அக்கா, ஏணி எங்க இருக்கு?"

"உக்காருடா. நான் மட்டும் தனியா அனுபவிக்கணுமா?"

கணவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வாசலில் நிற்கும் காவலர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்தவர்களை அவர் மன்னித்ததில்லை. தீப்பிடித்தால், வாயு கசிந்தால், கொதிகலன் வெடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒத்திகை நடத்துவது அவர் உத்தியோகம். மணி அடிக்கும். மாவு அப்பிய கையோடு எல்லோரும் வரிசையாக வெளியே வந்து கொடிக்கம்பத்தடியில் நிற்பார்கள். தலை எண்ணப்படும். கடைசியில் அதிகாரி கழுத்தில் தொங்கும் விசிலை ஊதி, "ஒத்திகை முடிந்தது" என்பார். அவர் ஊதாதவரை ஒத்திகை முடியாது. இது அவரே போட்ட சட்டம். ஒருமுறை நல்ல மழையில் விசில் அடைத்துக்கொண்டு காற்று மட்டும் வந்தது. அதை அவர் குடைந்து சரிசெய்து ஊதும்வரை, தொழிற்சாலை மொத்தமும், மேலாளர் உட்பட, சொட்டச் சொட்ட நனைந்தபடி நின்றது. அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து அங்கே தீப்பிடித்ததே இல்லை. அவர் வருவதற்கு முன்பும் பிடித்ததில்லை என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. ஊரில் அவருக்குப் பெயர் பிரேக் டீச்சர். பயிற்சிக் காரில், கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையின் கீழே இன்னொரு பிரேக் இருக்கும். டீச்சரின் வாழ்க்கை அதன்மேல் கால் வைத்தபடியே கழிந்தது. இந்த ஊரில் வண்டி ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்கியிருக்க வேண்டியவர்கள். பயிற்சிக் கார் பூங்காவில் கிளம்பி, ஆஸ்பத்திரிச் சுவரைத் தொட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பூங்காவுக்கே வரும். செக்குமாட்டுக்குக்கூட அதைவிடக் கொஞ்சம் வெளியுலகம் தெரிந்திருக்கும். மூன்றாவது கியருக்கு மேல் அந்த வண்டிக்கு வேலை இல்லை. "நாலாவது, அஞ்சாவது எல்லாம் பெரிய ரோட்டுல போறப்ப போடணும்" என்று மாணவர்களுக்குச் சொல்வார். சொல்லும்போது, தான் பார்க்காத வெளிநாட்டைப் பற்றிப் பாடம் நடத்தும் பூகோள ஆசிரியை போல அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

தம்பி மெக்கானிக். அக்கா வீட்டுக் காரைப் பராமரிப்பவன் அவன்தான். அந்தக் கார் எங்கும் போவதில்லை என்பதால் அவனுக்குத் தொழிலில் மிகவும் பிடித்த வண்டியும் அதுதான்.

எங்கும் போவதில்லை என்றால், போக முயலவில்லை என்று அர்த்தம் இல்லை. இதற்கு முன் மூன்று பயணங்கள் இதே முன்னறையில் உயிர்விட்டிருக்கின்றன. கடற்கரைப் பயணம் ஜெல்லி மீன் கொட்டிச் செத்தது. மலைப் பயணம் கொண்டை ஊசி வளைவில் உருண்டது. அருவிப் பயணத்தை, தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது என்ற காரணத்தைக் காட்டி அதிகாரி நிறுத்திவைத்தார். மூன்றும் செத்த விதம் ஒன்றுதான். முதலில் திட்டம், பிறகு ஒத்திகை, ஒத்திகை முடிந்ததும் ஆய்வுக் கூட்டம். ஆய்வுக் கூட்டத்தில் ஒத்திகையில் கண்ட குறைகள் வாசிக்கப்படும். வாசித்து முடித்ததும் அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். கண்ணாடி கழன்றால் கதை முடிந்தது என்று டீச்சருக்குத் தெரியும்.

பாலைவனம் டீச்சரின் யோசனை. "கடல் இல்ல, மலை இல்ல, தண்ணியே இல்ல. ஒண்ணுமே இல்லாத இடத்துல எதைக் கண்டுபிடிச்சு பயப்படுவீங்கன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

அதிகாரி அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து சொன்னார்: "ஒண்ணுமே இல்லைங்கறதுதான் அங்க பெரிய ஆபத்து."

டீச்சர் சண்டை போடவில்லை. அன்றைக்கும் பட்டாணிதான்; உரித்ததை ஒரு பாத்திரத்திலும் தோலை இன்னொன்றிலும் போட்டபடி, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "இதுதான் கடைசித் தடவை. இதுவும் அடுத்த வருஷம்னு ஆச்சுன்னா, இனிமே நான் உங்ககிட்ட எதையும் கேக்க மாட்டேன். கோபமெல்லாம் இல்ல. கேக்க மாட்டேன், அவ்வளவுதான்."

கோபத்துக்கு அதிகாரியிடம் நடைமுறை உண்டு: வாயைத் திறக்காமல் இருப்பது, காய்கறி வாங்கி வருவது, மறுநாள் எதுவும் நடக்காததுபோல நடந்துகொள்வது. இதற்கு நடைமுறை இல்லை. எதையுமே கேட்காத மனைவியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. ஆகவேதான் நின்றுகொண்டு வாசித்தது.

திட்டமிடல் தொடங்கியது. சாப்பாட்டு மேசைமீது வரைபடம் விரிக்கப்பட்டது. அன்றிலிருந்து குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. பாலைவனத்தில் பார்க்க வேண்டிய இடங்களுக்கு அதிகாரி 'காட்சி முனை' என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் வியப்பதற்கான நேரத்தை ஒதுக்கினார். சிவப்புப் பாறைகளுக்குக் கால் மணி. உப்பு வெளிக்குக் கொஞ்சம் குறைவு, கண் கூசும் என்பதால். மணல்மேட்டில் சூரிய அஸ்தமனத்துக்கு, அஸ்தமனம் முடியும்வரை. அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது.

"பாறை நல்லா இருந்து, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்னு தோணிச்சுன்னா?" என்று கேட்டார் டீச்சர்.

"உப்பு வெளில கழிச்சுக்கலாம்."

"வாயைப் பொளக்கறதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"வாயைப் பொளந்தா மணல் போகும்மா. மூடிக்கிட்டே ரசிக்கலாம்."

அடுத்து பாம்புக்கடி ஒத்திகை. கடிபட்டவராக நடிக்க மெக்கானிக் வரவழைக்கப்பட்டு, சோபாவில் படுக்க வைக்கப்பட்டான். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அசையாதே மாப்ளே. உனக்கு இப்ப மயக்கம் வந்திருக்கு."

"பசிதான் வந்திருக்கு மாமா."

"விஷம் ஏறிட்டிருக்கறப்ப எவனும் பசிக்குதுன்னு சொல்ல மாட்டான்."

"எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

"முட்டி வரைக்கும்."

"அக்கா! வயித்துக்கு வர்றதுக்குள்ள ஏதாவது எடுத்துட்டு வா!"

இப்படியாகத் திட்டம் வளர்ந்தது. தேள் வந்தால், டயர் புதைந்தால், கானல் நீரை நம்பி இறங்கிவிட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ஆபத்து வந்தால் எல்லோரும் கூட வேண்டிய இடம் எது என்பதில் மட்டும் அதிகாரி இரண்டு நாள் திணறினார். பாலைவனத்தில் கொடிக்கம்பம் இல்லை. இருக்கிற இரண்டு பேரும் காருக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்பார்கள் என்று டீச்சர் சுட்டிக்காட்டிய பிறகு, காரின் இடதுபக்கப் பின்சக்கரத்தடி என்று முடிவானது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு மாலை, டீச்சர் வேலை முடிந்து வந்தபோது அதிகாரி வரைபடத்தின்மேல் குப்புறக் கவிழ்ந்து, விரலால் ஒரு கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த ரோட்டைப் பாரேன். உப்பு வெளி முடியற இடத்துலேர்ந்து வளைவே இல்ல. ஸ்கேல் வச்சு அளந்தேன். எதிர்ல வர்ற வண்டியும் ரொம்பக் கம்மியாம்." கொஞ்சம் தயங்கி, "இது உனக்கு. இங்க நீதான் ஓட்டணும்" என்றார்.

டீச்சர் பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதரை மொத்தமாகத் திட்ட முடியாமல் போவதற்குக் காரணம் இந்த மாதிரிக் காரியங்கள்தான். விட்டு விட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, முழு ஒத்திகை நாள் வந்தது. திட்டம் இதுதான்: மூட்டை முடிச்சுகளோடு வீட்டிலிருந்து கிளம்பி, புறவழிச் சாலையில் போய், நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் உள்ள பெட்ரோல் நிலையத்தருகே திரும்பி, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஆய்வுக் கூட்டம். மறுநாள் நிஜப் பயணம். அதாவது, ஆய்வுக் கூட்டம் உயிரோடு விட்டால்.

வண்டியில் ஏற்றப்பட்டிருந்த மூட்டைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்ட்ரெச்சர் ஒத்திகைக்கு நிஜ ஆளைத் தூக்குவதில்லை. ஆள் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி, அதன் கழுத்தில் 'காயம்பட்டவர்' என்று அட்டையைத் தொங்கவிடுவார்கள். அதிகாரி அதே முறையை இங்கேயும் கையாண்டார். இஸ்திரி போட்டு மடித்த நிஜத் துணிமணிகள் வீட்டில் கட்டிலின்மேல் இருந்தன. அவற்றுக்குச் சரியான எடையில் மணல் மூட்டைகள் காரின் பின்னால் இருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டை: 'உடைகள் (ஆண்)', 'உடைகள் (பெண்)', 'உணவு', 'மருந்து', 'இதர'.

"மருந்துக்கும் மணலா?" என்றார் டீச்சர்.

"எடைதான்மா முக்கியம். ஒத்திகைக்குப் புதுத் துணியை எடுத்துப்போய் எதுக்குக் கசக்கணும்?"

"என் மூட்டை உங்களுதைவிடப் பெருசா இருக்கே."

"நிஜத்துலயும் அப்படித்தான்."

தண்ணீர் மட்டும் நிஜம். தண்ணீர் விஷயத்தில் அதிகாரி விளையாடுவதில்லை.

வீடு கட்டுப்பாட்டு அறையாக அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளராக மெக்கானிக் நியமிக்கப்பட்டு, உடனே சோபாவில் பொறுப்பேற்றுக்கொண்டான். ஒத்திகையில் காணும் குறைகளை அதிகாரி கைபேசியில் சொல்லச் சொல்ல அவன் குறித்துக்கொள்ள வேண்டும்.

டீச்சர் இருக்கையைச் சரிசெய்தார், கண்ணாடிகளைச் சரிசெய்தார், பெல்ட்டைப் போட்டார், தினமும் மற்றவர்களிடம் கத்திக் கத்திச் செய்யச் சொல்வதையெல்லாம் வாயைத் திறக்காமல் செய்தார். வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. அதிகாரி விசிலைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு கைபேசியைத் திறந்தார்.

"கட்டுப்பாட்டு அறை, குறை ஒண்ணு. வெயில் மறைப்பான் கிறீச்சுங்குது."

"குறிச்சிக்கிட்டேன் மாமா." பின்னணியில் தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்ட சத்தம் கேட்டது.

"அடுத்து, பின்பக்கம் எதுவோ கடகடங்குது."

"மணலா கடகடங்குது? மணல் சரசரன்னுதானே சொல்லும்?"

"நீ குறிச்சிக்க, வியாக்கியானம் பண்ணாதே. அடுத்து, தெற்கு வெயில் என் பக்கம் அடிக்குது."

"அதுக்குச் சூரியன்கிட்டதான் சொல்லணும்" என்றார் டீச்சர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புறவழிச் சாலை போகப் போகக் குறைகள் பெருகின. இருக்கை சூடு. கண்ணாடி கூசல். சிக்னலில் நின்றபோது ஒரு நாய் பார்த்த பார்வை. அதிகாரியின் குரல் ஏற ஏற, டீச்சர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். இந்தக் குரல் அவருக்குப் பழக்கம். ஜெல்லி மீனைக் கண்டுபிடித்த குரல் இது. வீட்டுக்குத் திரும்பினால் கூட்டம். கூட்டத்தில் வாசிப்பு. வாசித்ததும் கண்ணாடி கழலும். அதற்கப்புறம் திங்கட்கிழமை, பூங்கா, ஆஸ்பத்திரிச் சுவர், தண்ணீர்த் தொட்டி.

பெட்ரோல் நிலையம் வந்தது. திரும்பும் இடம் வலப்பக்கம் திறந்து கிடந்தது. டீச்சர் திரும்பும் விளக்கைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார். எதிரே, வெகு தூரத்தில், ஒரு லாரி எறும்பு மாதிரி வந்துகொண்டிருந்தது.

டீச்சர் விளக்கை அணைத்துவிட்டு நேராகப் போனார்.

"திரும்பணும்! இங்கதான் திரும்பணும்!"

"லாரி வருது."

"அது இன்னும் அடுத்த ஊர்ல இருக்கு!"

"சந்தேகம்னா திரும்பக் கூடாது, நேராப் போகணும், அடுத்த இடத்துல திரும்பிக்கலாம். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கறேன். உங்களுக்காக மாத்த முடியாது."

விதி என்று வந்துவிட்டால் அதிகாரியால் பேச முடியாது. "சரி, அடுத்ததுல" என்றார்.

அடுத்த திருப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் டீச்சருக்குச் சந்தேகம் தந்தது. அதன் ஓட்டுநர் அதை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் நிக்கறான்மா!"

"கிளம்பிட்டான்னா?"

அதிகாரி கைபேசி அழைப்பைத் துண்டித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். டீச்சரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. ஒரு கையை எடுத்து, நான்காவது கியரைப் போட்டார். அதைப் போட்ட விதம், ஒரு குழந்தை கோவில் யானையின் துதிக்கையை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பதைப் போல இருந்தது.

மூன்றாவது திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், டீச்சர் விளக்குப் போட்டு, ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, அபாய விளக்குகளை ஒளிர விட்டார். எல்லாம் முறைப்படி. பெரிய லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

"எனக்குச் சந்தேகமெல்லாம் இல்ல. லாரியும் தூரத்துலதான் இருந்துச்சு. அவனும் டீதான் குடிச்சிட்டிருந்தான்" என்றார் டீச்சர். "வீட்டுக்குப் போனா நீங்க கூட்டம் போடுவீங்க. கூட்டம் போட்டா இது நடக்காது. உங்களுக்கே தெரியும். அதான், இப்பவே கேட்டுடறேன். திரும்பவா, நேராப் போகவா? நீங்க திரும்புன்னா திரும்பிடறேன். அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்."

அதிகாரியின் கை தானாக விசிலுக்குப் போனது. ஊதினால் போதும். ஒத்திகை முடியும், வீடு வரும், கட்டிலில் இஸ்திரி போட்ட துணி இருக்கும், எல்லாம் பத்திரமாக இருக்கும். டீச்சரும் இருப்பார். என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்பார். அதற்கு அடுத்த வருஷமும் அதையே சொல்வார்.

விசில் உதடுவரை வந்தது. ஊதப்படவில்லை. பற்களுக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு அதிகாரி யோசித்தார். அவர் மூளை ஒரு வழி வைத்திருந்தது. பெரும்பாலும் அந்த வழி ஆபத்தை நோக்கித்தான் போகும். அன்றைக்கு அதே வழியில் வேறு எங்கேயோ போனது.

விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஒண்ணு கேக்கறேன். இது ஒத்திகைதானே?"

"உங்க ஒத்திகைதான்."

"நான் இன்னும் விசில் ஊதலை."

"ஊதலை."

"அப்ப ஒத்திகை இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."

"நடந்துக்கிட்டிருக்கு" என்றார் டீச்சர் கவனமாக.

"நடந்துக்கிட்டிருக்கறப்ப ஆய்வுக் கூட்டம் போட முடியாது."

"எப்படி முடியும்?"

"அபாய மதிப்பீடும் ஒத்திகைக்குக் கிடையாது. தொழிற்சாலைல ஒருத்தன் கேட்டான், நான்தான் சொன்னேன், ஒத்திகைல எப்படிய்யா ஆபத்து வரும்னு." அதிகாரி விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "ஒத்திகை எவ்வளவு நீளமா இருக்கணும்னும் எங்கயும் விதி இல்ல. நான்தானே விதி போடறவன், எனக்குத் தெரியாதா?"

டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று இத்தனை வருஷக் குடித்தனம் சொல்லிக்கொடுத்திருந்தது. "அப்ப?" என்றார்.

"நேராப் போ. மெதுவா." கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப மெதுவா வேணாம்" என்றார்.

கார் சாலையில் ஏறியது. மூன்று. நான்கு. டீச்சர் மூச்சை இழுத்துப் பிடித்து ஐந்தாவது கியரைப் போட்டார். விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும், இதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டதுபோல, அடங்கிப் போனது. டீச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். வெயில் கூசியது என்று அதற்கு ஒரு குறையும் பதிவாகவில்லை.

சாயங்காலம் கட்டுப்பாட்டு அறை அழைத்தது.

"மாமா, மேட்ச்சே முடிஞ்சிருச்சு. எங்க இருக்கீங்க?"

"ஒத்திகைல."

"எப்ப முடியும்?"

"சொல்ல முடியாது மாப்ளே. நீ வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பு."

"கட்டில்ல துணியெல்லாம் மடிச்ச மாதிரியே இருக்கு?"

"இருக்கட்டும். எங்ககிட்ட எடை இருக்கு."

எடையை உடுத்த முடியாது என்பது அன்றைக்குத் தங்கிய விடுதியில் தெரிந்தது. மறுநாள் காலை வழியில் வந்த சிற்றூரில் ஒரே ஒரு துணிக்கடைதான் திறந்திருந்தது. அங்கே அதிகாரியின் அளவுக்கு இருந்த ஒரே சட்டையில் பச்சைக் கிளிகள் பறந்தன. வாழ்நாள் முழுக்கச் சாம்பல் நிறம் உடுத்திய மனிதர் கண்ணாடி முன் நின்று, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிளி தன்னையே முறைப்பதைப் பார்த்தார்.

"தூரத்துலேர்ந்தே கண்ணுக்குத் தெரியும். பாதுகாப்புதானே?" என்றார் டீச்சர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அதிகாரி காசைக் கொடுத்துவிட்டார்.

மணலை வழியில் கொட்டிவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. அது தொழிற்சாலைச் சொத்து. ஆகவே மணல் கூடவே வந்தது. பாலைவனத்தின் வாயிலில் இருந்த சோதனைச் சாவடியில், காவலர் ஒருவர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். 'உடைகள் (பெண்)' என்ற அட்டையைப் படித்தார். தடியால் குத்திப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார்.

"என்ன சார் இது?"

"உடைகள்" என்றார் அதிகாரி.

காவலர் 'மருந்து' மூட்டையை அவிழ்த்தார். பிறகு 'உணவு'. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாலையின் இரண்டு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இங்க நிக்கறேன். மணலை உள்ளேர்ந்து வெளிய கடத்திட்டுப் போறவனைப் பிடிச்சிருக்கேன். வெளியிலேர்ந்து உள்ள கடத்திட்டு வர்ற ஆளை இப்பதான் பாக்கறேன். இதுக்கு என்ன செக்‌ஷன்னுகூடத் தெரியலை."

"இது ஒத்திகை" என்றார் அதிகாரி.

காவலர் டீச்சரின் பக்கம் திரும்பினார். டீச்சர், இவரை எனக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாமல், தெரியும் என்று சொல்லவும் மனம் வராமல், உரிமத்தை நீட்டினார். காவலர் கிளிச் சட்டையை இன்னொரு தரம் பார்த்தார். "போங்கம்மா, பத்திரமாப் போங்க" என்றார், அம்மா என்பதில் நிறைய அனுதாபத்தோடு.

அதற்குப் பிறகு எல்லாம் திட்டப்படியே நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். சிவப்புப் பாறைகள் உச்சி வெயிலில் பழுப்பாக இருந்தன. உப்பு வெளியில் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, பாதம் எரிந்து, குதித்துக் குதித்துத் திரும்பினார். ஆபத்துக் காலத்தில் கூடும் இடமான இடதுபக்கப் பின்சக்கரத்தடியில் இருவரும் நிழலுக்காக ஒண்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அந்த வளைவில்லாத சாலை மட்டும் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. டீச்சர் ஐந்தாவது கியரைப் போட்டுவிட்டு, கியர்க் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுதூரம் அந்தக் கைக்கு வேலையே வரவில்லை.  அதிகாரி குறை சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் பக்கத்தில் பார்த்தார், மூடிக்கொண்டார்.

மணல்மேட்டில் சூரியன் இறங்கியது. இறங்கி முடிந்தது. ஒதுக்கிய நேரமும் முடிந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாய் பிளந்திருந்தது. கொஞ்சம் மணலும் போயிருக்கும்.

"என்னங்க" என்றார் டீச்சர்.

"ம்."

"எனக்கு ஒரு பெரிய காட்டைப் பாக்கணும். மரம் மேல மரமா இருக்குமே, அந்த மாதிரி. போலாமா?"

கேட்டுவிட்டார். அதிகாரி அதைக் காதில் வாங்கி, உள்ளே கொண்டுபோய், பத்திரமான ஓர் இடத்தில் வைத்தார். யானை, அட்டை, மின்னல் என்று மூளை கிளம்பியது. அதைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார்.

"போலாம்" என்றார். "ஆனா முதல்ல இந்தப் பாலைவனப் பயணத்தை முடிப்போம். வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இதான் முடிஞ்சிருச்சே!"

"இது ஒத்திகைதானேம்மா."

அதிகாரபூர்வமாக, அவர்கள் இன்னும் கிளம்பவே இல்லை.